கணுக்கால் பிசகினால்: முதல் நாளிலிருந்து வரப்பில் ஏறும் நாள் வரை

ஈர வரப்பில் கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்கிக் கணுக்கால் வீங்குவது டெல்டாவில் நடவு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் அன்றாடம் நடப்பது. இதில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சை இல்லாமலே நன்றாக ஆறிவிடும். ஆறாமல் இழுத்துக்கொண்டே போகிற கால்களை விசாரித்தால் அநேகமாக இரண்டில் ஒன்று நடந்திருக்கும். முதல் வாரத்திலேயே எண்ணெய் தேய்த்து நீவி இழுத்திருப்பார்கள். இல்லையென்றால், வலி போன அன்றே மூட்டை தூக்கியிருப்பார்கள்.

வலி இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். நாருக்குப் பலம் வர மூன்று மாதமாவது வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்களில்தான் கால் மறுபடி பிசகுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த நாட்களைப் பத்திரமாகக் கடப்பதற்கானவை. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. கிழிந்தது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் ‘நரம்பு பிசகிடுச்சு’ என்பார்கள். நரம்பு என்பது உணர்வையும் கட்டளையையும் கடத்துவது. கணுக்கால் மடங்கும்போது கிழிவது பெரும்பாலும் அது இல்லை. எலும்பையும் எலும்பையும் பிணைத்து மூட்டைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட்தான் கிழிகிறது. ‘ஜவ்வு கிழிஞ்சிருக்கு’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான். இந்த வழிகாட்டியில் அதை நார் என்றும், தசையை எலும்போடு கட்டும் டெண்டனை நாண் என்றும் எழுதுகிறேன். ஆட்டுக்கால் வாங்கும்போது சிவந்த சதை முடிகிற இடத்தில் வெள்ளையாகப் பளபளவென்று ஒன்று எலும்பில் போய் ஒட்டியிருக்குமே, அதுதான் நாண். சதை சிவப்பாக இருப்பதற்கு ரத்த ஓட்டமும் ஒரு காரணம். நாணும் நாரும் வெள்ளையாக இருப்பதிலிருந்தே அங்கே ரத்தம் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம். மெதுவாக ஆறுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டுமே கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. தென்னங்கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே புரியும். தேங்காய் நாரைச் சேர்த்துப் புரி, புரிகளைச் சேர்த்துக் கயிறு என்பதுபோல, கொலாஜன் மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கட்டு. நாணில் இழைகள் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும், ஏனென்றால் தசை ஒரே திசையில்தான் இழுக்கிறது. நாரில் சில இழைகள் சாய்வாகவும் ஓடும், மூட்டுக்குப் பல திசைகளிலிருந்தும் இழுப்பு வருவதால்.

ஓய்வாக இருக்கும்போது இந்த இழைகள் அலை அலையாக நெளிந்திருக்கும். நீளத்தில் சுமார் 2 சதவீதம் இழுபடும்வரை நெளிவு நிமிர்வதோடு சரி, இழைக்குச் சேதமில்லை. அதற்கு மேல் இழைகளே சுமையைத் தாங்கும். 4 சதவீதத்தைத் தாண்டினால் நுண்ணிழைகள் அங்கங்கே அறும். 8 முதல் 10 சதவீதத்தில் முழுதாகக் கிழியும். வெளிப்பக்கக் கணு எலும்பின் முன்னால் இருக்கும் நார் சுமார் 2 செ.மீ நீளம்தான். அது 2 மி.மீ கூடுதலாக நீண்டாலே போதும், கிழிந்துவிடும். ‘லேசாத்தானே மடங்கிச்சு’ என்பவரின் கால் ஏன் பூசணியாக வீங்குகிறது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

முதலில் கிழிவது பெரும்பாலும் அந்த முன்பக்க நார்தான். வரப்பிலிருந்து வயலில் இறங்கும்போது பாதத்தின் முனை கீழ்நோக்கிப் போகிறது. கணுக்கால் குழிக்குள் இருக்கும் எலும்பு முன்புறம் அகலம், பின்புறம் குறுகல். பாதம் கீழ்நோக்கும்போது குறுகிய பக்கம் குழிக்குள் வருவதால் எலும்பின் பிடி தளர்ந்து, சுமை முழுவதும் நாருக்குப் போகிறது. அந்த நேரத்தில் பாதம் உள்பக்கம் மடங்கினால் முன்பக்க நார் கிழியும். விசை இன்னும் அதிகமானால் அதற்குக் கீழே குதிகால் எலும்புக்குப் போகும் நாரும் கிழியும்.

2. வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

10 செ.மீ அகலமுள்ள கிரேப் பேண்டேஜ் இரண்டு (ஒன்று துவைக்கப் போகும்), ஐஸ், ஒரு மெல்லிய துண்டு, இரண்டு தலையணை, தடித்த பருத்தித் துணி கொஞ்சம், ஒரு ஊன்றுகோல், டெய்லர் டேப், பழைய சைக்கிள் ட்யூப் ஒரு மீட்டர். இவற்றோடு ஒரு நோட்டும் வேண்டும். அன்றைய வலியை 10க்கு எத்தனை என்றும், கணுவைச் சுற்றிய அளவு எத்தனை செ.மீ என்றும் தினமும் காலையில் குறியுங்கள். ‘பரவாயில்லை’ என்ற வார்த்தையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. எண் இருந்தால் எடுக்கலாம்.

3. முதல் பரிசோதனை: எலும்பா, நாணா, நாரா

கட்டுப் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். கட்டிவிட்டால் வலி எங்கே என்று சரியாகத் தெரியாது.

எலும்பு முறிவு இருக்குமா, எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவு செய்ய ‘ஒட்டாவா விதிகள்’ உதவும். கனடாவின் ஒட்டாவாவில் வகுக்கப்பட்டு 1992ல் வெளியானவை, இன்றும் உலகமெங்கும் பயன்படுகின்றன. கணு எலும்பின் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ வரை, அதாவது ஏறக்குறைய நான்கு விரல் அகலம், எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்துங்கள். வெளிக் கணு, உள் கணு இரண்டிலும் பார்க்க வேண்டும். பிறகு சுண்டுவிரல் பக்கமாகப் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். இதில் எந்த இடத்தில் எலும்பின் மேலேயே சுருக்கென்று வலித்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா என்பதும் கேள்வி. விழுந்த உடனேயும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரேதான்.

நிறையப் பேர் வீக்கத்தின் நடுவில் அழுத்திப் பார்த்துவிட்டு ‘வலிக்குது’ என்பார்கள். வீக்கம் எங்கே அழுத்தினாலும் வலிக்கும். எலும்பின் விளிம்பில் அழுத்துவதுதான் சோதனை.

அடுத்தது குதிகால் நாண். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் சதையைக் கையால் பிழியுங்கள். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது. இதைத் தவறவிடுவது சர்வசாதாரணம், ஏனென்றால் வலி அவ்வளவாக இருக்காது, வேறு சிறு நாண்களைக் கொண்டு பாதத்தை ஓரளவு அசைக்கவும் முடியும். ‘பின்னாலிருந்து யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருந்தது’ என்று ஒருவர் சொன்னால் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள்.

பிறகு முழங்காலுக்கும் கணுவுக்கும் நடுவில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அழுத்துங்கள். வலி கீழே கணுவின் மேற்புறம் வந்தால் அங்கே இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் நாரில் அடி. அதை இந்த வழிகாட்டியின் கால அட்டவணைக்குள் அடக்க முடியாது, எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பாதம் கோணியிருந்தாலும், விரல்கள் வெளுத்தோ மரத்தோ இருந்தாலும், தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலும் எந்தச் சோதனையும் வேண்டாம். 108ஐ அழைத்துவிட்டு, காலை அசைக்காமல் வைத்திருங்கள். வளரும் குழந்தைகளுக்கு நாரைவிட எலும்பின் வளர்ச்சிப் பகுதி எளிதில் உடையும். அவர்களுக்குச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

4. முதல் 3 நாட்கள்: கட்டு, உயரம், நீவாமை

இந்த நாட்களில் உடல் செய்வது துப்புரவு வேலை. கிழிந்த இழைகளை அப்புறப்படுத்தும் செல்கள் ரத்தத்தோடு வந்து சேர்கின்றன. வீக்கமும் சூடும் அந்த வேலையின் பகுதிதான். அதை முழுக்க நிறுத்த முயல வேண்டாம். அளவு மீறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கட்டும் முறை: பாதத்தைக் கெண்டைக்காலோடு செங்கோணத்தில் நிறுத்துங்கள். பருத்தித் துணியை மடித்து ‘ப’ எழுத்தின் வடிவில் வெட்டி, வெளிக் கணு அந்த ‘ப’வின் நடுவில் வருமாறு, திறந்த வாய் மேல்நோக்கி இருக்க, வையுங்கள். கணுவைச் சுற்றியுள்ள பள்ளத்தில்தான் நீர் தேங்குகிறது. பட்டையை மட்டும் சுற்றினால் அது எலும்பின் மேட்டில் ஏறி நிற்கும், பள்ளத்தில் அழுத்தமே விழாது. இந்தத் துணி இல்லாத கட்டுக்குப் பாதிப் பலன்தான்.

விரல்களின் அடியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு சுற்று பாதத்தில், பிறகு கணுவைச் சுற்றி எட்டு வடிவில், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். விரல் பக்கம் சற்று இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக, கணுவுக்கு மேல் ஒரு சாண் வரை. குதிகாலைத் திறந்து விட்டால் வீக்கம் அங்கே பிதுங்கும். கட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானாலும், விரல் குளிர்ந்து நீலம் பாரித்தாலும், அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம்.

மேலிருந்து கீழாகக் கட்டுவதுதான் புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு. நீர் விரல்களுக்குத் தள்ளப்பட்டு, காலையில் விரல்கள் மட்டும் உருண்டு திரண்டு நிற்கும்.

ஐஸை ஈரத் துண்டில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில், முதல் இரண்டு நாட்கள் வைக்கலாம். வலி குறையத்தான் இது. நாரை ஆற்றும் என்று நினைக்க வேண்டாம். நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் ஐஸும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தோல் வெந்தாலும் தெரியாது.

படுக்கும்போது இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவது உயரத்தில் சேராது, பாதம் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

சுளுக்கு எடுப்பது, எண்ணெய் போட்டு நீவுவது, ‘படக்’கென்று இழுத்துவிடுவது ஆகியவை இந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். அறுந்த நுனிகள் ஒட்டத் தொடங்கும் இடத்தில் மறுபடி ரத்தம் கசியும். முறிவு இருந்து தெரியாமல் போயிருந்தால் இழுக்கும்போது எலும்பு விலகவும் கூடும். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் போடும் பற்று பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆறிய பற்றால் பெரிய கெடுதல் இல்லை. கொதிக்கக் கொதிக்கப் போட்டுத் தோல் வெந்துபோன கால்கள்தான் சிக்கலில் முடிகின்றன. பற்றுக்கு அடியில் தோலின் நிறம் தெரியாமல் போவதும் ஒரு குறை.

5. நான்காம் நாள் முதல் இரண்டாம் வாரம்: அசைவு, பிறகு எடை

இப்போது உடல் புது இழைகளை நெய்யத் தொடங்குகிறது. அவசரத்தில் நெய்வது மெல்லிய கொலாஜன். மூன்றாம் வகை என்பார்கள். அது தாறுமாறான திசைகளில் கிடக்கும். எந்தத் திசையில் அடுக்குவது என்பதை அந்த இடத்தில் விழும் இழுப்புதான் செல்களுக்குச் சொல்கிறது. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடக்கும் காலில் அந்தச் சேதி போய்ச் சேராது. நார் சிக்குப்பிடித்த நூலாக ஆறும், எலும்பில் ஒட்டும் இடமும் வலுவிழக்கும். அதனால்தான் பெரும்பாலான பிசகுகளுக்கு இன்று நீண்ட மாவுக்கட்டு போடுவதில்லை. முழுக் கிழிசலுக்கும் 10 நாள் அளவில் அசையாமல் வைத்துவிட்டு அசைவைத் தொடங்குகிறார்கள்.

முதலில் மேலும் கீழும் மட்டும். படுத்தபடி பாதத்தை உங்களை நோக்கி இழுத்து, பிறகு தள்ளுங்கள். 20 முறை, நாளைக்கு 5 வேளை. கெண்டைக்கால் சதை பம்பு மாதிரி வேலை செய்து வீக்கத்தை மேலேற்றும். உள்பக்கம் மடக்கும் அசைவு இப்போது கூடாது, கிழிந்தது அந்தத் திசையில்தான்.

ஒரு வாரம் கழித்து, உள்பக்கம் மடக்க வலி 3க்குள் இருந்தால், பெருவிரலால் காற்றில் எழுதுங்கள். ‘அ’வில் தொடங்கி ‘ஔ’ வரை. நம் எழுத்துகளின் சுழிப்பில் பாதம் எல்லாத் திசையிலும் போய்வந்துவிடும். முழங்கால் அசையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதுவது கணு இல்லை, தொடை.

எடை வைப்பதும் இந்த வாரங்களில்தான். ஊன்றுகோலை அடிபடாத பக்கத்துக் கையில் பிடியுங்கள். ஏறக்குறைய எல்லோருமே முதலில் அடிபட்ட பக்கம்தான் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து எடை கூடுகிறது. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நொண்டாமல் நடக்க முடிந்த அன்று ஊன்றுகோலை விடுங்கள். நொண்டிக்கொண்டு விட்டால் இடுப்பும் முழங்காலும் புது நடையைப் பழகிக்கொண்டு, பிறகு அதை மாற்றுவதே தனி வேலையாகிவிடும்.

அளவு ஒன்றுதான்: பயிற்சியின்போது வலி 10க்கு 3ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை வலியும் வீக்கமும் முந்தைய நாள் அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம்.

இந்த நாட்களில் கெண்டைக்கால் மட்டும் கல்லாக இறுகி, சூடாகி, வீங்கினால் ரத்தக் கட்டி உறைந்திருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

6. மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம்: பலம்

ஏறக்குறைய எல்லோரும் தவறுவது இங்கேதான். வலி போயிருக்கும், வீக்கம் வடிந்திருக்கும், வயலில் வேலை கிடக்கும். உள்ளே இருக்கும் நாரோ இன்னும் அந்த மெல்லிய கொலாஜன்தான். அதைத் தடித்த முதல் வகைக் கொலாஜனாக மாற்றும் வேலை ஆறாம் வாரத்தை ஒட்டி வேகம் பிடித்து, ஒரு வருடம் வரையிலும் அதற்கு மேலும் நடக்கும்.

சைக்கிள் ட்யூபைக் கட்டில் காலில் கட்டி, மறுமுனையை வளையமாகப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டுங்கள். பாதத்தை வெளிப்பக்கமாக இழுங்கள். 3 விநாடி போக, 3 விநாடி திரும்ப. 15 முறை, 3 சுற்று. காலின் வெளிப்புறத் தசைகள் இதில்தான் பலமடைகின்றன. பாதம் உள்பக்கம் மடங்கும்போது பிடித்து நிறுத்துவது அவைதான். நார் பலவீனமாக இருக்கும் வரை அவைதான் காவல். திரும்பும்போது ட்யூப் வெடுக்கென்று இழுக்க விட்டுவிட்டால் பயிற்சியில் பாதி போச்சு.

அடுத்து குதிகால் தூக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் 15 முறை, 3 சுற்று. எளிதானதும் இரண்டு காலில் ஏறி ஒரு காலில் இறங்குங்கள். பிறகு ஒரு காலிலேயே. ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது ஒரு வாரம் கொடுங்கள்.

ட்யூப் பயிற்சியைத் தினமும் செய்யலாம். ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது போன்ற கனமான பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். கனமாக இழுபட்டபின் முதல் ஒன்று, ஒன்றரை நாள் வரை கொலாஜன் சிதைவதே கூடுதல். அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. தினமும் செய்தால் கட்டுமானத்துக்கு இடமே கிடைக்காது.

சுவரெதிர் சோதனையையும் இப்போது தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொடக்கூடிய அதிகபட்ச தூரத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை செ.மீ என்று அளக்கவும். 10 செ.மீ அளவில் வருவது சாதாரணம். இரண்டு காலுக்கும் வித்தியாசம் 2 செ.மீக்குள் வர வேண்டும். குந்தி உட்காரவும் களை பறிக்கவும் இந்த மடிப்பு அவசியம். இது குறைந்தால் உடம்பு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிச் சமாளிக்கும், முழங்கால் வலி அங்கே பிறக்கும்.

7. ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்: நிதானம்

நார் வெறும் கயிறு இல்லை. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும் உணர்முனைகள் அதில் இருக்கின்றன. நார் கிழியும்போது அவையும் சேர்ந்து கெடுகின்றன. கால் நன்றாக இருக்கும், ஆனால் இருட்டில், கரடுமுரடான தரையில் ‘நழுவுற மாதிரி இருக்கு’ என்பார்கள். பலப் பயிற்சி மட்டும் இதைச் சரிசெய்யாது.

சுவரருகில், வெறுங்காலோடு, ஒற்றைக் காலில் 30 விநாடி. 3 முறை. தடுமாறாமல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு. அதுவும் வந்ததும் தலையணைமேல் நின்று. கடைசியாகத் தலையணைமேல் நின்றபடி எதிரில் ஒருவர் போடும் பந்தைப் பிடித்துத் திருப்பிப் போடுங்கள். கவனம் பந்தில் இருக்கும்போது கால் தானாகச் சமாளிக்க வேண்டும். வரப்பில் நடக்கும்போது கண் காலில் இருப்பதில்லையே, தலையில் இருக்கும் நாற்றுமுடியிலும் எதிரே வருகிறவரிடமும்தானே இருக்கிறது.

பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டால் இந்தப் பயிற்சி விட்டுப்போகாது.

பயிற்சியை நேரில் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள். நடமாட முடியாத முதியவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யலாம்.

8. மருந்தும் சாப்பாடும்

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறும் குடிப்பழக்கமும் உள்ளவர்களுக்கு அளவு இதைவிடக் குறைவு, டாக்டர்தான் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடுகிற பழக்கம் வேண்டாம். ஊசி போட்டு வலியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவதும் அப்படியே. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே எச்சரிக்கை அந்த வலிதான்.

ஆட்டுக்கால் சூப்பில் உள்ள கொலாஜன் நேராகக் காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் அமினோ அமிலங்களாகச் செரிந்துதான் ரத்தத்துக்குப் போகிறது. பிடித்தால் குடிக்கலாம். முட்டை, மீன், பருப்பும் அந்தப் புரதத்தைத் தருகின்றன. கொலாஜன் இழை முறுக்கேறி நிற்க வைட்டமின் சி தேவை. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். புகைப்பதை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் எந்தச் சூப்பையும்விட அதிகம் உதவும்.

9. அடிபட்டது நாண் என்றால் வரிசை மாறும்

குதிகால் நாண் அறுந்திருந்தால் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, எடை வைக்காமல், முடிந்தால் அன்றே எலும்பு டாக்டரிடம் போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்வதா, பாதத்தைக் கீழ்நோக்கிய நிலையில் கட்டிவைத்தே ஆற்றுவதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். நாட்கள் தள்ளிப்போனால் அறுந்த நுனிகள் விலகி, தேர்வுகள் சுருங்கும்.

அறாமல், குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 செ.மீ உயரத்தில் நாண் தடித்து, காலையில் முதல் அடி வைக்கும்போது வலித்தால் அது நாட்பட்ட தேய்மானம். அந்தப் பகுதியில் ரத்த ஓட்டம் குறிப்பாகக் குறைவு. இதற்கு ஓய்வு மட்டும் உதவாது. படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலால் ஏறி, வலிக்கும் காலால் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்குங்கள். 15 முறை, 3 சுற்று, முழங்காலை நேராக வைத்து ஒருமுறை, லேசாக மடக்கி ஒருமுறை. நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம். இங்கே சற்று வலியோடு செய்வதும் சரிதான். வலி நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் தரை மட்டத்துக்குக் கீழே இறக்க வேண்டாம், நாண் எலும்பில் அழுந்தும்.

ஒரு மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள் குதிகால் நாண் அறும் ஆபத்தைக் கூட்டுபவை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் குதிகாலின் பின்புறம் வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். வலிக்கும் நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடச் சம்மதிக்காதீர்கள். வலி குறையும், நாணும் பலவீனமாகும்.

10. வரப்பில் ஏறும் நாள்

ஆடுதுறை 43 நெல் ரகத்தை விதை விட்டு அறுக்க 110 நாள் ஆகும். விதைப்பு நாளில் முழுக் கிழிசல் ஏற்பட்டவர், அந்த அறுவடைக்குத்தான் முழு வேலைக்குத் திரும்புவோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். லேசான பிசகு இரண்டு வாரத்திலும், பாதிக் கிழிசல் ஆறு வாரத்தை ஒட்டியும் அன்றாட வேலைக்கு வந்துவிடும். ஆனால் நாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சோதனையை வைத்துச் செய்யுங்கள்.

ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது 20 வர வேண்டும், நல்ல காலில் வரும் எண்ணிக்கையில் பத்தில் ஒன்பது பங்காவது. கண்மூடி ஒற்றைக் காலில் நிற்பது நல்ல காலுக்குச் சமமாக இருக்க வேண்டும். சுவரெதிர் வித்தியாசம் 2 செ.மீக்குள். ஒற்றைக் காலில் 10 முறை குதித்து, வலியோ தயக்கமோ இல்லாமல் இறங்க வேண்டும். நான்கும் தேறினால் அடுத்த படி. மூன்று தேறி ஒன்று விடுபட்டால் அதை மட்டும் பயிற்சி செய்துவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

தரையும் ஒரே நாளில் மாறக் கூடாது. முதல் வாரம் தார்ச்சாலையும் களமும். இரண்டாம் வாரம் காய்ந்த வரப்பு, கையில் சுமை இல்லாமல். மூன்றாம் வாரம் ஈர வரப்பு. அதற்குப் பிறகுதான் சேறு. சேற்றில் கால் புதைந்து பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்புகிறது. அந்தத் திருகல் கணுவைவிட முழங்கால் நார்களுக்கு ஆபத்து. திரும்பும்போது முதலில் பாதத்தை உருவி எடுத்து வைத்துவிட்டு, பிறகு உடம்பைத் திருப்பும் பழக்கம் வேண்டும். தலைச்சுமையைக் கடைசியாகச் சேருங்கள், வழக்கமான எடையில் கால் பங்கில் தொடங்கி வாரத்துக்குக் கால் பங்காக.

கயிறு கட்டும் வகைக் கணுக்கால் பிரேஸை ஈர வரப்பு வேலைக்கும் விளையாட்டுக்கும் ஆறு மாதமாவது, முடிந்தால் ஒரு வருடம் போடுங்கள். பிரேஸ் போட்டால் தசை சோம்பிவிடும் என்று கழற்றுகிறார்கள். பயிற்சி தொடரும் வரை அப்படி ஆகாது. சேற்றில் நனைந்த பிரேஸை அப்படியே காலில் காய விடாதீர்கள். வாய்க்கால் கரையிலேயே கழற்றி அலசி, விரலிடுக்கைத் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு கிடந்தால் இரண்டே நாளில் சேற்றுப்புண் வந்து, பிரேஸே போட முடியாமல் போகும்.